டிகாஷன் இறங்கும் நேரம்

மார்கழிக் கச்சேரிக்குப் போகிறவர்கள் எல்லோரும் பார்த்திருக்கும் ஒன்று. பிரதான உருப்படி முடியும் தறுவாயில் பாடகர் மிருதங்கக்காரரைப் பார்த்துத் தலையசைப்பார். தனி ஆவர்த்தனம் தொடங்கும். முதல் சுற்று முடிவதற்குள் பின்வரிசை எழுந்துவிடும். கடம் பதில் சொல்லும்போது நடுவரிசையிலும் பாதி இருக்காது. கேன்டீனில் காப்பிக்கு வரிசை நீண்டுகொண்டிருக்கும். சிறுவயதிலிருந்து சாதகம் செய்து கைக்குக் கொண்டுவந்த கணக்கை, இரண்டு கலைஞர்கள் பாதி அரங்கத்துக்கு வாசித்து முடிக்கிறார்கள். எனக்கு இது எப்போதும் வருத்தம் தரும். ஆனால் வருத்தம் காப்பியின் மேல் அல்ல. சபாவில் காப்பி ஓரிடத்தில் இருக்கிறது, சங்கீதம் ஓரிடத்தில் இருக்கிறது. ஒன்று வேண்டுமென்றால் மற்றதை விட்டு எழுந்தாக வேண்டும்.

வீட்டில் அந்தப் பகை கிடையாது. ஒரு தம்ளரும் ஒரு பாட்டும் ஒரே அறையில் இருக்கலாம். வீட்டில் கேட்கும் சங்கீதத்தை மேடைச் சங்கீதத்தைவிட ஒரு படி கீழே வைத்துப் பேசுகிறவர்களோடு நான் ஒத்துப்போகாததற்கு இதுவும் ஒரு காரணம். வீட்டில்தான் மனிதர் சட்டைப் பொத்தானைத் தளர்த்திவிட்டு, காலை மடக்கி உட்கார்ந்து, தொண்டை நனைய நனையக் கேட்கிறார்.

நம் பக்கத்து வீடுகளில் பானமும் பாட்டும் முதலில் சேர்ந்தது விடிகாலையில்தான். எம். எஸ். சுப்புலட்சுமி பாடிய வேங்கடேச சுப்ரபாதம் 1963-இல் இசைத்தட்டாக வந்தது. வானொலி, கேசட், கோயில் ஒலிபெருக்கி என்று அதன் பிறகு அது போகாத தெரு இல்லை. ஏறக்குறைய இருபது நிமிடம் ஓடும். ஃபில்டரின் மேல் பாத்திரத்தில் பொடியைப் போட்டு, தட்டை வைத்து லேசாக அமுக்கி, கொதித்த தண்ணீரை ஊற்றி மூடினால் முதல் டிகாஷன் இறங்குவதற்கும் அவ்வளவு நேரம்தான் ஆகும். பொடி மாவாக இருந்தால் அடைத்துக்கொள்ளும். கொரகொரவென்று இருந்தால் தண்ணீர் ஓடிவிடும், நிறம்தான் இருக்கும், காரம் இருக்காது. கலந்திருக்கும் சிக்கரி கொஞ்சம் தண்ணீரைப் பிடித்துவைத்து இறக்கத்தைத் தாமதப்படுத்தும். எத்தனையோ வீடுகளில் கடிகாரத்தைப் பார்க்காமலேயே, பாட்டு எங்கே வந்திருக்கிறது என்பதை வைத்துப் பாலை அடுப்பில் ஏற்றினார்கள்.

ஒரு வகையில் காப்பியும் வீட்டுச் சங்கீதமும் ஒன்றாக வளர்ந்தவை. நம் வீட்டுக் காலைகளில் காப்பி தொன்றுதொட்டு இருந்தது போலத் தோன்றும். அது எவ்வளவு புதியது என்பதை ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ படித்தவர்கள் அறிவார்கள். பழைய சோற்று நீராகாரத்தை அது ஓரந்தள்ளியபோது புலம்பியவர்கள் பலர். கிராமபோன் பெட்டியும் வானொலியும் நடுத்தர வீடுகளுக்குள் நுழைந்ததும் அதே காலம்தான். சென்னையில் அகில இந்திய வானொலி நிலையம் 1938 ஜூன் 16-இல் தொடங்கியது. குடிக்கும் பழக்கமும் கேட்கும் பழக்கமும் அடுத்தடுத்து வீட்டுக்குள் வந்து, ஒரே கூடத்தில் இடம் பிடித்துக்கொண்டன.

கருவி மாற மாற இந்த உறவும் மாறியது. பழைய இசைத்தட்டில் ஒரு பக்கம் மூன்று, மூன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். யாராவது எழுந்து தட்டைத் திருப்பி, சாவி கொடுத்து, ஊசியை வைக்க வேண்டும். அப்போது பாட்டைக் கேட்டவர்களின் கையில் தம்ளர் நிம்மதியாக இருந்திருக்காது. ஒரு பக்கம் இருபது நிமிடத்துக்கு மேல் ஓடும் நீண்ட இசைத்தட்டு வந்த பிறகுதான் ஒரு தம்ளர் காப்பியை முழுதாகக் குடித்து முடிக்கும் அளவுக்குச் சங்கீதம் வீட்டில் நிலைத்தது. அறுபது நிமிடக் கேசட் அதை அரை மணி நேரமாக்கியது. இன்றைக்குக் கைபேசியில் முடிவே இல்லாமல் ஓடுகிறது, ஒன்று முடிந்தால் அடுத்தது தானாக வருகிறது. இதை முன்னேற்றம் என்றுதான் சொல்ல வேண்டும், ஆனாலும் எனக்கு ஒரு குறை. முடிவு இல்லாத பாட்டுக்கு முன்னால் உட்காருகிறவருக்கு எப்போது உட்கார்ந்தோம், எப்போது எழுந்தோம் என்பதே தெரிவதில்லை. இப்போது எல்லையைக் குறிக்கும் வேலையைத் தம்ளர்தான் செய்கிறது. நிரம்பியிருக்கும்போது தொடங்கி, அடியில் கசடு தெரியும்போது நிமிர்ந்து பார்க்கிறோம்.

ஜப்பானில் இதற்கென்றே கடைகள் உண்டு. ஜாஸ் கிஸ்ஸா என்பார்கள். வெளிநாட்டு இசைத்தட்டு வாங்குவது சாதாரண மனிதருக்குக் கட்டுப்படியாகாத காலத்தில், ஒரு காப்பிக்குக் காசு கொடுத்தால் நல்ல ஒலிபெருக்கியில் மணிக்கணக்காக ஜாஸ் கேட்கலாம். பேச்சு அனேகமாகக் கிடையாது. யோகோஹாமாவில் ‘சிகுசா’ என்ற கடை 1933-இல் திறந்தது. இந்த மாதிரிக் கடைகளில் காப்பி வாங்குவதே உட்கார்ந்து கேட்பதற்குத்தான். அதே காப்பி நம் சபாவில் ஆளை எழுப்பிக்கொண்டு போகிறது. எழுப்புவதும் உட்காரவைப்பதும் பானத்தின் குணத்தால் வருவதல்ல, அது எந்த இடத்தில் கைக்கு வருகிறது என்பதால் வருவது.

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரைக்குமான இந்தப் பக்கத்தில் எதைக் குடிப்பது என்ற கேள்விக்கு முதலில் தண்ணீர்தான் பதில் சொல்லும். கடலோர ஊர்களில் பல கிணறுகள் உவர்ப்பு. அந்தத் தண்ணீரில் போட்ட டிகாஷன் என்ன பொடி போட்டாலும் நாக்கில் ஒட்டாது. நல்ல தண்ணீர் கேன் வந்த அன்றைக்குத்தான் நல்ல காப்பி. மாமல்லபுரத்துக்கு வடக்கே நெம்மேலியில் 2013 முதல் கடல்நீரிலிருந்து ஒரு நாளைக்குப் பத்து கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் ஆலை நடக்கிறது. 2024-இல் பக்கத்திலேயே பதினைந்து கோடி லிட்டருக்கு இன்னொன்று வந்தது. தென்சென்னையின் வீடுகளில் பலரும் ஒரு கீர்த்தனையோடு உறிஞ்சும் காப்பியில் இந்தக் கரையின் கடல் கலந்திருக்கிறது. அதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

காப்பி மட்டும்தான் என்றில்லை. பருவத்துக்கு ஒன்று இருக்கிறது. மாசி, பங்குனியில் பனைமரம் உள்ள ஊர்களில் விடியும் முன்னே மரமேறி இறக்கும் பதநீர். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும். தடவினாலும் வெயில் ஏறுவதற்குள் குடித்தாக வேண்டும், நாளைக்கு என்று வைக்க முடியாது. ஓலைப் பட்டையில் அதை ஏந்திக் குடிக்கிற நேரத்தில் பதிவு செய்த பாட்டு எதையும் போட எனக்குக் கை வருவதில்லை. பக்கத்தில் யாராவது வாய்விட்டுப் பாடினால் அதுதான் பொருத்தம். சித்திரை வெயிலுக்கு நீர்மோர். பெருங்காயமும் கறிவேப்பிலையும் தட்டிய இஞ்சியும் சேர்ந்து தொண்டையில் இறங்கும்போது புல்லாங்குழல் நன்றாக இருக்கும். நாதஸ்வரத்துக்கு அது தாங்காது, நாதஸ்வரம் சூடான பானத்தைக் கேட்கும். இது என் நாக்கின் தீர்ப்பு, வேறொருவருக்கு வேறாக இருக்கலாம்.

தேநீரின் சங்கீதம் வேறு. செங்கல்பட்டு பேருந்து நிலையத்தைச் சுற்றியிருந்த டீக்கடைகளில் நின்று குடித்தவர்களுக்கு அது இளையராஜாதான். 1976-இல் ‘அன்னக்கிளி’ வந்த பிறகு டீக்கடை ஒலிபெருக்கியும் அவருடைய பாட்டும் ஒன்றாகவே ஆகிவிட்டன. பிறகு கேசட் கடையில் பாட்டுகளின் பட்டியலை எழுதிக் கொடுத்து, பதிந்து வாங்கி, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டபோது கூடவே தேநீரும் வீட்டுக்குள் வந்தது. காப்பி குடிக்கும் வீட்டிலும் இளையராஜாவுக்கு மட்டும் தேநீர் போட்ட அண்ணன்மார்கள் அந்தத் தலைமுறையில் நிறைய. தெருவில் நின்றபடி கேட்ட பாட்டை வீட்டுக்குள் உட்கார்ந்து கேட்கையில், தெருவின் சுவையையும் சேர்த்துக் கொண்டுவர அவர்கள் ஆசைப்பட்டார்கள்.

மதுவைப் பற்றியும் சொல்லித்தான் ஆக வேண்டும், பாட்டோடு அதைச் சேர்க்கிறவர்கள் நம் ஊரில் குறைவில்லை. நான் பார்த்த அளவில், கொஞ்ச நேரத்துக்குப் பிறகு அந்த அறையில் பாட்டு இருப்பதில்லை. பாட்டைச் சாக்காக வைத்துத் தன் பழைய துக்கத்தை ஒருவர் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருப்பார். பாடியவர் எங்கே மூச்சு வாங்கினார், வயலின் எங்கே வழிவிட்டது என்பது அவருக்குப் போய்ச் சேர்வதில்லை. துக்கத்தைக் குறைத்துச் சொல்லவில்லை, அதற்குச் சங்கீதம் மருந்தும்தான். ஆனால் மருந்து உள்ளே போவதற்குக் காது திறந்திருக்க வேண்டும்.

கேட்பதும் சுவைப்பதும் எவ்வளவு பின்னிக் கிடக்கின்றன என்பதை ஆய்வாளர்களும் தொட்டிருக்கிறார்கள். கசப்பும் இனிப்பும் கலந்த ஒரு மிட்டாயைக் கொடுத்துக் கீழ்ஸ்தாயி ஒலியைக் கேட்கவைத்தால் கசப்பு தூக்கலாகவும், மேல்ஸ்தாயி ஒலியைக் கேட்கவைத்தால் இனிப்பு தூக்கலாகவும் தெரிகிறது என்று ஆக்ஸ்ஃபோர்டில் சார்லஸ் ஸ்பென்ஸ் குழுவினர் 2012-இல் எழுதினார்கள். அடுத்த ஆண்டு இன்னொன்று: ஊற்றும் சத்தத்தை வைத்தே அது சூடான தண்ணீரா குளிர்ந்ததா என்று மனிதர்கள் சொல்லிவிடுகிறார்கள். டபராவிலிருந்து தம்ளருக்கும் தம்ளரிலிருந்து டபராவுக்கும் காப்பியை ஆற்றும் சத்தத்தை அடுத்த அறையிலிருந்து கேட்டு, குடிக்கும் பதம் வந்துவிட்டதா என்று அறிந்த தாத்தாக்களுக்கு இதில் வியப்பு இருக்காது. ஆற்றும் சத்தமும் நம் வீட்டுச் சங்கீதத்தில் சேர்த்திதான்.

ஆனால் இந்த உறவைப் பற்றி நான் அறிந்ததில் பெரியது மாமல்லபுரத்துப் பாறையில் இருக்கிறது. அர்ஜுனன் தபசுக்குப் பக்கத்தில், தெற்கே, கிருஷ்ண மண்டபம். முன்னால் நிற்கும் தூண் மண்டபம் விஜயநகரக் காலத்தில் சேர்த்தது. உள்ளே இருக்கும் புடைப்புச் சிற்பம் பல்லவர் காலத்தது, ஏழாம் நூற்றாண்டு. கண்ணன் இடக்கையை உயர்த்தி கோவர்த்தன மலையைத் தாங்கி நிற்கிறான். கதைப்படி வெளியே இந்திரன் ஏவிய பெருமழை கொட்டிக்கொண்டிருக்கிறது. மலைக்கு அடியில் ஆயர் கூட்டம் முழுவதும் ஒதுங்கியிருக்கிறது.

ஒதுங்கியவர்கள் நடுங்கிக்கொண்டிருப்பதாகச் சிற்பி செதுக்கவில்லை. ஒருவன் குந்தி உட்கார்ந்து பால் கறக்கிறான். அவன் கறக்கும் பசு தலையைத் திருப்பிக் கன்றை நக்குகிறது. தலையில் பானைகளைச் சுமந்தபடி ஒரு பெண் நிற்கிறாள். இன்னொருவன் குழல் ஊதுகிறான். உலகமே முழுகிப்போகிற மழையில், ஒரு கூரைக்குக் கீழே, பாலும் பாட்டும் நடந்துகொண்டிருக்கின்றன. வீட்டில் பானத்தோடு சங்கீதம் கேட்பதற்கு நம் நாட்டில் இதைவிடப் பழைய, இதைவிட அழகான சித்திரம் இருந்தால் நான் பார்த்ததில்லை.

மாடு வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சிற்பத்தின் நுட்பம் இன்னும் நன்றாகப் புரியும். பசு மிரண்டிருந்தால் பாலை அடக்கிக்கொள்ளும். எவ்வளவு இழுத்தாலும் இறங்காது. கன்று முட்டி, நாக்கு பட்டு, மனசு அடங்கினால்தான் உடம்பில் ஆக்ஸிடோசின் சுரந்து மடியில் பால் இறங்கும். அதனால்தான் கறப்பவனுக்குப் பக்கத்தில் கன்றை வைத்தான் சிற்பி. குழலும் அந்தக் கூட்டத்தில் இருப்பதற்கு 2001-இல் வந்த ஓர் ஆய்வு இன்னொரு பொருள் தருகிறது. இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்து உளவியலாளர்கள் தொழுவத்தில் மெதுவான இசையை ஒலிக்கவிட்டபோது, பசு ஒன்றுக்கு நாளைக்குச் சுமார் முக்கால் லிட்டர், அதாவது 3 சதவீதம், பால் கூடியது. சிற்பி அந்தக் கணக்கை அறிந்திருக்க வேண்டியதில்லை. தொழுவத்தில் நின்று பார்த்தவனாக இருந்திருந்தால் போதும்.

அச்சம் நீங்காமல் பால் இறங்காது. பாட்டும் அப்படித்தான் உள்ளே இறங்குகிறது. மனிதர் வீட்டுக்கு வந்து, வாசலில் செருப்பைக் கழற்றி, கையில் சூடாக ஒன்றை வாங்கிக்கொள்கிற அந்த நேரத்தில் உடம்பு தன் காவலை விடுகிறது. அந்தச் சிற்பத்தின் பெருமழையும் இந்தக் கரைக்குப் புதிதல்ல. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரை கடந்தது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் இந்தக் கரைக்கு இப்படி இரவுகள் வந்துகொண்டேதான் இருக்கும். மின்சாரம் போய், ஓடுகள் படபடத்து, கடல் இரைச்சல் ஊருக்குள் கேட்கும். அந்த இரவுகளில் கருப்பட்டி போட்ட சுக்குமல்லிக் காப்பி ஒரு சட்டியில் கொதித்து, கைபேசியில் மிச்சமிருக்கும் சார்ஜில் யாரோ ஒருவர் ஒரு பாட்டை வைப்பார். நல்ல நாளில் ஆயிரம் தடவை கேட்ட பாட்டாக இருக்கும். ஆனால் அன்றைக்குத்தான் அது கூடத்தில் இருக்கும் எல்லோருக்கும் கேட்கும்.

எல்லோருக்கும் என்று எழுதும்போது கை தயங்குகிறது. அந்தச் சிற்பத்தில் என்னை விடாமல் பிடித்து வைத்திருப்பது கறக்கிற மனிதன்தான். அவன் வேலை செய்துகொண்டிருக்கிறான். ஆனாலும் குழலோசைக்கு வெளியே இல்லை. உட்கார்ந்தபடி, அதே மலைக்கடியில், ஊதுகிறவனோடு ஒன்றாக இருக்கிறான். நம் வீடுகளில் பானத்தை உண்டாக்குகிறவருக்கு அந்த இடம் கிடைத்ததா?

வானொலிப் பெட்டி கூடத்தில், ஆண்கள் உட்காரும் பக்கம் இருந்தது. காப்பி சமையலறையிலிருந்து வந்தது. கொண்டுவந்து வைத்தவர் திரும்பிப் போனார். இரவு ஒலிபரப்பில் ஆலாபனை விரிந்துகொண்டிருக்கும்போது அம்மாக்கள் பால் காய்ச்சினார்கள், ஏனம் கழுவினார்கள், காலைக்குப் பொடி இருக்கிறதா என்று டப்பாவைத் திறந்து பார்த்தார்கள். சிலர் நிலைப்படியில் சாய்ந்து ஒரு நிமிடம் நின்றிருப்பார்கள். நம் தமிழ் வீட்டுச் சங்கீத ரசனையைப் பற்றி எழுதப்பட்டவையெல்லாம் பெரும்பாலும் கூடத்தில் உட்கார்ந்தவர்கள் எழுதியவை.

அந்தப் பெட்டியிலிருந்து வந்த குரல்களில் ஒன்று டி. கே. பட்டம்மாளுடையது. 1919-இல் காஞ்சிபுரத்தில் பிறந்தவர். காஞ்சிபுரம் அன்றைக்குச் செங்கல்பட்டு மாவட்டம். ராகம் தானம் பல்லவி ஆண்களின் சொத்து என்றிருந்த காலத்தில் அதை மேடையில் பாடிக் காட்டியவர். பட்டம்மாளின் பல்லவி கூடத்தில் ஒலித்தபோது, ஒரு பெண் இதையெல்லாம் பாடலாம் என்ற செய்தி யாருக்கு அதிகம் தேவைப்பட்டதோ அவர் அடுப்படியில் இருந்தார். பல்லவியின் கணக்கு விரியும் இடத்தில் பால் கொதித்திருக்கும். அவருக்கு அந்தச் சங்கீதம் துண்டுதுண்டாகவே போய்ச் சேர்ந்தது.

பானமும் பாட்டும் பொருந்துகின்றனவா என்பதற்கு நான் இப்போது இந்த ஒன்றைத்தான் அளவுகோலாக வைத்திருக்கிறேன். எந்த ராகத்துக்கு எந்தப் பானம் என்பதெல்லாம் அதற்குப் பிறகு வருகிற சந்தோஷம். போட்டவர் உட்கார்ந்துவிட்டாரா என்று முதலில் பார்க்க வேண்டும். அவர் நின்றுகொண்டிருக்கிற வரைக்கும் கூடத்தில் இருப்பது பாதி சங்கீதம்தான், அதை நாமும் பாதிதான் கேட்கிறோம். மலையைத் தூக்கியவன் அதை எல்லோர் தலைக்கும் மேலாகத் தூக்கினான்.

இதற்குப் பெரிய ஏற்பாடு ஒன்றும் வேண்டாம். டிகாஷனை முன்னாலேயே இறக்கிவைத்து, பாலைக் காய்ச்சி, கலந்து பிளாஸ்கில் ஊற்றிக் கூடத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் யாரும் நடுவில் எழுந்திருக்க வேண்டியதில்லை. முதல் டிகாஷனின் மணம் பிளாஸ்கில் கொஞ்சம் குறையும் என்பது உண்மை. அந்தக் குறையை நான் ஒப்புக்கொள்கிறேன், இந்த லாபத்துக்கு அது பெரிதில்லை.

செங்கல்பட்டில் என் பெரியம்மா வீட்டில் ஒரு மழை நாள் மாலை அப்படிச் செய்து பார்த்தோம். பெரியப்பா உயிரோடு இருந்தபோது அடிக்கடி போட்ட கேசட்தான், தோடி. காப்பியை நான் போட்டேன். பெரியம்மாவைப் பெரியப்பாவின் நாற்காலியில் உட்காரச் சொன்னோம். கீழ் சட்ஜத்திலிருந்து எழுந்து, பஞ்சமத்தில் நின்று, மேலே போகப் போகிறது என்ற இடம் வரைக்கும் பெரியம்மா கூடவே முணுமுணுத்துக்கொண்டு வந்தார். அடுத்து வருகிற ஒவ்வொரு பிடியும் அவருக்குத் தெரிந்திருந்தது. பிறகு முணுமுணுப்பு நின்றுவிட்டது. மறந்துவிட்டதா பெரியம்மா என்று கேட்டேன்.

“மறக்கலப்பா. பால் பொங்குற வரைக்கும்தான் எனக்கு இந்தத் தோடி தெரியும். நிறுத்தாத, ஓடட்டும்” என்றார்.

கேசட்டின் அந்தப் பக்கத்தில் இன்னும் பாதிக்கு மேல் இருந்தது. பிளாஸ்கில் இரண்டாம் சுற்றுக்கும் காப்பி இருந்தது. அவர் தம்ளரில் ஊற்றினேன்.